அரை மணி நேர விராலடிப்பான்

மணிமங்கலத்துக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் விரட்டியடித்த களங்களில் இதுவும் ஒன்று. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று கூரம் செப்பேடு அந்த ஊர்களை அடுக்குகிறது. கூடவே ஒரு குறும்பும் செய்கிறது. தோற்றோடும் புலிகேசியின் முதுகையே ஏடாக்கி, அதில் வெற்றி என்று நரசிம்மவர்மன் எழுதினானாம். எதிரியின் முதுகைப் பார்ப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய பெருமை.

அதே ஊரில் இப்போதும் ஒருவர் முதுகுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் பறந்துபோகும் பறவைகளின் முதுகுகள். ஆனால் அவர் கணக்கில் இது தோல்வி. நெஞ்சுக் கோடு, கண் பட்டை, அலகின் நிறம் என்று பறவையை அடையாளம் காட்டும் சங்கதிகள் பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கின்றன. பறவைகளுக்கு இது தெரியும்போலிருக்கிறது. பைனாகுலர் கண்ணுக்குப் போகும் அந்த அரை நொடியில் அவை திரும்பிக்கொள்கின்றன.

அவரை நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவருடைய மேனேஜரும் பத்திரிகை படிப்பவர்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே வந்தால் மணிமங்கலம். இங்கிருந்து தென்மேற்கே ஒரகடம், வடமேற்கே ஸ்ரீபெரும்புதூர். கார், லாரி, பைக், டயர், செல்போன் என்று உருளுவதும் ஒலிப்பதும் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் பிறக்கின்றன. பெரிய கம்பெனிகளுக்கு பிராக்கெட்டும் கிளாம்பும் அடித்துக் கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்கள் வழியெங்கும் முளைத்திருக்கின்றன. அப்படி ஒன்றில் நம்மவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கையில் வெர்னியர், சட்டைப் பையில் சிவப்பு ஸ்டிக்கர். அளவு கொஞ்சம் தப்பினாலும் ஸ்டிக்கரை ஒட்டி ரிஜெக்ட் தொட்டியில் போட்டுவிடுவார். பிரஸ் ஷாப்பில் அவரைக் கண்டால் ஆபரேட்டர்களுக்குக் கொஞ்சம் பயம். பறவைகளுக்கு அந்தப் பயம் சுத்தமாக இல்லை.

பறவை ஆர்வலர் எல்லோரிடமும் ஒரு பட்டியல் உண்டு. வாழ்நாளில் பார்த்த இனங்கள் அத்தனையும் அதில் ஏறும். முதன்முறையாகப் பார்க்கும் இனத்துக்கு லைஃபர் என்று பெயர். உலகத்தில் சுமார் 11,000 இனங்கள், இந்தியாவில் மட்டும் 1,300-க்கு மேல். ஆகவே தொடங்கிய புதிதில் ஆனந்தம் கரைபுரளும். காகம் ஒன்று, மைனா ஒன்று, செம்போத்து ஒன்று என்று மொட்டை மாடியில் நின்றபடியே பட்டியல் வளரும். அப்புறம் மெல்ல வறட்சி வரும். ஊரிலுள்ளதை எல்லாம் பார்த்தாயிற்று. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் லீவு வேண்டும், காசு வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும். நம்மவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்ததில்லை. அமைந்தது மதிய இடைவேளை ஒன்றுதான்.

பட்டியலில் சேர்க்கச் சட்டதிட்டங்கள் உண்டு. அமெரிக்கப் பறவையாளர் சங்கம் எழுதி வைத்திருக்கும் விதிப்படி பறவை உயிரோடு இருக்க வேண்டும். இயற்கை நிலையில் இருக்க வேண்டும். கட்டுண்டு இருக்கக் கூடாது. குரலை மட்டும் கேட்டிருந்தாலும் போதும், ஆனால் இன்னதென்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். இதனால் வண்டலூரில் ஒரு வேடிக்கை. 1985இல் திறந்த அந்த உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனால், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற கூண்டுப் பறவை எதுவும் கணக்கில் சேராது. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிக்குத் தானாகப் பறந்து வந்து இறங்கும் வக்கா சேரும். பிள்ளைகள் புலியைப் பார்க்க இழுக்க, நம்மவர் டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்தவற்றை மட்டும் தேடிக்கொண்டு நிற்பார்.

இனி நேரக் கணக்கு. 12.30க்கு மணி அடிக்கும். 1.00 மணிக்குத் திரும்ப அடிக்கும். ஏரிக்கரைக்குப் பைக்கில் போகவும் வரவும் பத்து நிமிடம். பாக்கி இருபது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதையே நம்மவர் ஆண்டு முழுவதற்கும் சட்டமாக்கிக்கொண்டார். ஆக சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம். இதனால் அவர் வீட்டுச் சமையலில் பெரிய மாற்றங்கள் நேர்ந்தன. வத்தக்குழம்பு நின்றது; பைனாகுலரின் குமிழில் ஒட்டுகிறது. முருங்கைக்காய் சாம்பார் நின்றது. இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொள்ளும் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் நிலைத்தன. வீட்டம்மா இதை உடல்நல அக்கறை என்று நினைத்து அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பறவை பார்க்கச் சொல்லித்தரும் எந்தப் புத்தகமும் விடியற்காலையில் போ என்றுதான் சொல்லும். நடுப்பகலில் சின்னப் பறவைகள் வாயை மூடிக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடும். கதிர்க்குருவி புதருக்குள், ஆந்தை பொந்துக்குள், புத்தியுள்ள மனிதன் மின்விசிறிக்குக் கீழே. ஆனால் உச்சி வெயிலுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்றும் சூடேறி மேலே எழும்பும். தார்ச்சாலையும் தகரக் கூரையுமாக இருக்கும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. எழும்பும் அந்தக் காற்றில் சிறகை விரித்துக்கொண்டால் போதும், ஒரு தடவைகூட அடிக்காமல் ஐந்து கிலோ கூழைக்கடா கண்ணுக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். காலை ஏழு மணிக்கு அதே கூழைக்கடா தூக்கமுடியாத உடம்போடு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரும்பருந்து, செம்பருந்து, பாம்புக் கழுகு எல்லாம் பதினொரு மணிக்கு மேல் வானத்துக்கு வேலைக்கு வருகிறவை. நம்மவரின் இடைவேளையும் அவற்றின் உச்ச நேரமும் ஒன்றாக அமைந்தது அவர் செய்த புண்ணியம். கழுத்து வலி அதன் பக்க விளைவு.

வேலை நேரத்தின் இடுக்கில் பறவை பார்ப்பதை யாராவது கிண்டல் செய்தால் நம்மவர் ஒரு வம்சாவளியை எடுத்துவிடுவார். இந்தப் பக்கத்தில் வேலைக்குக் கிளம்பும் யாரும் கம்பெனிக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லத் தகுதியுள்ள முதல் பறவை ஆர்வலர் எட்வர்டு பல்க்லி. கம்பெனி, கிழக்கிந்தியக் கம்பெனி. புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவர். நோயாளிகளுக்கு நடுவே அவர் சென்னைப் பறவைகளைப் படமாக்கி லண்டனுக்கு, ஜேம்ஸ் பெட்டிவர் என்பவருக்கு, அனுப்பி வைத்தார். 1713இல் வெளியான ஜான் ரேயின் பறவை நூலில் அவை பின்னிணைப்பாகச் சேர்ந்தன. ஐரோப்பாவில் அச்சேறிய முதல் இந்தியப் பறவைப் பட்டியல்களில் ஒன்று இப்படி நம்மூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஓய்வு நேரத்தில் தயாரானதுதான்.

அடுத்தவர் தாமஸ் ஜெர்டன். அவரும் மதராஸில் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவர். படையோடு ஊர் ஊராக மாற்றல். எந்த ஊருக்குப் போட்டாலும் அந்த ஊர்ப் பறவைகளை எழுதி வைத்தார். 1862 முதல் 1864 வரை வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூல் அந்தக் காலத்துக்குக் கைவிளக்கு. கடப்பைப் பக்கத்துப் புதர்க்காட்டில் இரவில் ஓடும் ஒரு பறவைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1900க்குப் பின் அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தேவிட்டது என்று முடிவு கட்டியிருந்த நிலையில் 1986இல் திரும்பக் கிடைத்தது. 86 வருடம் லீவு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய ஒரே ஜீவன் இதுதான் என்று பிரஸ் ஷாப்பில் இந்தக் கதைக்கு நல்ல வரவேற்பு.

காங்கிரஸைத் தோற்றுவித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் மட்டும் குறைந்தவரா? ஐ.சி.எஸ். அதிகாரி, உப்பு வரி வேலையாக ஊர் சுற்றிய இடமெல்லாம் பறவை சேர்த்தார். 1872இல் தானே ஒரு பறவை இதழையும் தொடங்கினார். பெரிய நூல் ஒன்றுக்காகப் பல வருடம் சேர்த்த குறிப்புக் கட்டுகளை, அவர் இல்லாத நேரத்தில், சிம்லா வீட்டு வேலையாள் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டான். ஹியூமுக்குப் பறவை மேலிருந்த பிடிப்பே விட்டுப்போயிற்று. 1885இல் காங்கிரஸ் வந்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து நம்மவர் தம் நோட்டுப் புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். நாட்டுக்கு இன்னொரு கட்சி தேவையில்லை என்பது அவர் கருத்து.

அஞ்சல் துறையிலிருந்தும் ஒருவர் உண்டு. தமிழகத்தின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக ஓய்வு பெற்ற சு. தியடோர் பாஸ்கரன், அந்தப் பணிக்காலத்தின் ஊடாகவே கானுயிர் எழுத்தைத் தமிழில் ஒரு துறையாக வளர்த்தவர். மாற்றலாகும் உத்தியோகம் பறவை ஆர்வலருக்குத் தண்டனையல்ல, படியளப்பு.

சாலிம் அலி கதை தலைகீழ். பர்மாவின் தவாயில் குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைக் கவனிக்கப் போனார், காட்டில் பறவையைக் கவனித்தார், வியாபாரம் நொடித்தது. பிறகு பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை. படிக்க விடுப்பில் பெர்லின் போய்விட்டு வந்து பார்த்தால் அந்தப் பதவியே எடுக்கப்பட்டிருந்தது. வேலையில்லாமல் கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தங்கிய 1930இல், வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைப் பொழுதெல்லாம் பார்த்து ஒரு உண்மையைக் கண்டார். ஆண் பாதிக் கூடு கட்டிக் காட்டுகிறது. பெண் வந்து சோதித்துப் பிடித்திருந்தால்தான் குடிபுகுகிறது. உடனே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணைத் தேடுகிறது. மணிமங்கலத்துப் பனைகளிலும் இந்த இன்ஸ்பெக்ஷன் மழைக்காலத்தில் தவறாமல் நடக்கிறது. ரிஜெக்ட் ஆன பாதிக் கூடுகள் ஓலையில் ஆடுவதைப் பார்க்கும்போது நம்மவருக்குத் தொழில் பாசம் பொங்கும்.

ஆனால் இந்த வம்சத்தின் சிகரம் பீட்டர் கேஸ்ட்னர். அமெரிக்க வெளியுறவுத் துறையில் தூதரக அதிகாரியாக இருந்தவர். இந்தியா உட்படப் பல நாடுகளில் வேலை. நம்மவருக்கு இடைவேளைக்குப் போக ஏரிக்கரை என்றால், அவருக்குக் கண்டங்கள். கொலம்பியாவில் 1989இல் விஞ்ஞானத்துக்கே புதியதான ஒரு பறவையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் ஒரு சிலந்திபிடிப்பானைப் பார்த்ததோடு அவர் பட்டியல் 10,000 ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று நம்மவர் வீசா விண்ணப்பம் வாங்கவில்லை. இன்டர்னல் ஆடிட் இருந்தது.

இந்தப் பட்டியல் ஆசையால் வரும் சங்கடங்களில் தலையாயது நெட்டைக்காலி விவகாரம். யூனிட்டுக்கு எதிரே யாரும் இன்னும் கட்டடம் எழுப்பாத ஒரு மனை. கல், காய்ந்த புல், ஓரத்தில் கருவேலம். குளிர்காலம் வந்தால் இப்படிப்பட்ட பொட்டல்களில் நெட்டைக்காலி நடக்கும். மண் நிறம், உடம்பெல்லாம் பழுப்புக் கோடு, நீளமான கால். நிமிர்ந்து நிற்கும், நாலடி ஓடும், திரும்ப நிற்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த வயல் நெட்டைக்காலி சுமார் 15 சென்டிமீட்டர். ஆசியாவின் வடபகுதியிலிருந்து விருந்தாளியாக வரும் ரிச்சர்டு நெட்டைக்காலி அதைவிட ஓரிரண்டு சென்டிமீட்டர் பெரியது, பின் நகம் நீளம், குரல் கரடுமுரடு. மற்றபடி இரண்டும் அச்சு அசல். உள்ளூர்க்காரர் நம்மவர் பட்டியலில் எப்போதோ ஏறிவிட்டார். விருந்தாளி வேண்டும்.

இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் நம்மவர் தொழிலில் அது மலை. அதில் நூறில் ஒரு பங்குக்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் அவர். ஆனால் பறவை மேஜைமேல் படுத்து வெர்னியருக்கு உடம்பைக் கொடுப்பதில்லை. ஐம்பதடி தூரத்தில், கானல் நெளியும் உச்சி வெயிலில், புல்லுக்குள் மறைந்திருக்கும் ஒரு பின் நகத்தின் நீளத்தைக் கணிக்க வேண்டும். அவர் சுவரோரம் பதுங்கி நிற்பதைப் பார்த்து டூல் ரூம் ஆட்கள் இரண்டு பேர் ஆவலாக வந்தார்கள். பைனாகுலரை வாங்கி மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எங்க ஜி?"

"அந்தக் கல்லுக்கு இடது பக்கம்."

"அங்க ஒரு குருவிதானே ஜி நிக்குது?"

"அதேதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைனாகுலர் மரியாதையாகத் திரும்பி வந்தது. இ-பேர்ட் தளத்தில் நம்மவர் அதை ரிச்சர்டு என்றே ஏற்றினார். 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகமும் ஆடபான் சங்கமும் தொடங்கிய அந்தத் தளத்தில், சந்தேகத்துக்குரிய பதிவுகளைச் சோதிக்க ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டு எழுதினார்: குரல் கேட்டீர்களா, பின் நகம் தெரிந்ததா, படம் இருக்கிறதா? பல வருடமாக மற்றவர்களுக்கு இதே கேள்விகளைச் சிவப்பு மையில் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு முதன்முறையாக அந்தக் காகிதம் தன் பெயருக்கு வந்தது. இனம் தெரியாத நெட்டைக்காலி என்று திருத்திவிட்டார். அதற்கு அந்தத் தளத்தில் இடமுண்டு. பட்டியலில்தான் எண் ஏறாது.

ஆயுதமும் சில சமயம் வம்பில் மாட்டும். வாடிக்கையாளரான ஒரு பெரிய ஆலைக்கு மீட்டிங் போன அன்று பையிலேயே பைனாகுலர் தங்கிவிட்டது. அங்கே வாசலில் செல்போன் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். செக்யூரிட்டி அண்ணன் பையைத் திறந்து, கறுப்பாக, கனமாக, இரண்டு கண்ணோடு இருந்ததை வெளியே எடுத்தார்.

"இது இன்னா சார்?"

"பறவை பாக்கறதுண்ணே."

"உள்ள பறவை இல்லையே சார்."

வரிசை நீண்டது. சூப்பர்வைசர் வந்தார். கடைசியில் பதிவேட்டில் "பைனாகுலர் 1, திரும்ப எடுத்துச் செல்வது" என்று எழுதி, கேட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மீட்டிங் முடிந்து வந்தபோது செக்யூரிட்டி அண்ணன் அதை வைத்து எதிர்ப்பக்க டீக்கடையில் பஜ்ஜி போட்டுவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கிளியரா இருக்குது சார் என்றார். இருக்காதா, 8×42. எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும். முன் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர்.

விராலடிப்பான் சேதி வந்தது ஜனவரியில், வாட்ஸப்பில். மணிமங்கலம் ஏரியில், தண்ணீருக்குள் பட்டு நிற்கும் மரத்தில், காலை எட்டுக்குப் பார்த்ததாக ஒருவர் போட்டிருந்தார். உலகத்தில் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் திரியும் பறவை. வடக்கே கூடு கட்டி, குளிருக்கு நம் ஏரிகளுக்கு வருகிறது. எல்லோர் பட்டியலிலும் இருக்கிறது. நம்மவர் பட்டியலில் மட்டும் இல்லை. அவர் போகிற ஏரிக்கெல்லாம் அது முந்தின நாள் வந்துவிட்டுப் போயிருக்கும்.

எட்டு மணிச் சேதியை வைத்துக்கொண்டு பன்னிரண்டரை வரை பிராக்கெட்டுகளை அளப்பது எப்படிப்பட்ட நரகம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அன்று காலை ரிஜெக்ட் தொட்டி சீக்கிரம் நிறைந்தது. மணி அடித்ததும் பைக்கை எடுத்தார். பின் சீட்டில் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் ஏறிக்கொண்டார். ஒடிசாக்காரர், ஏரிக்கரைக் கடையில் ரீசார்ஜ் செய்ய வேண்டுமாம்.

ஏரி அப்போதுதான் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் தளும்பும்போது இங்கே கொக்கு நிற்கவும் இடமிருக்காது. மிதக்கத் தெரிந்த நாமக்கோழிக்கும் ஊசிவால் வாத்துக்கும்தான் வாழ்வு. தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரிந்த பிறகுதான் உள்ளான்கள் வந்து குத்தத் தொடங்கும். நிரம்பி வழிந்தால் உபரி நீர் அடையாற்றுக்குப் போகும். 2015 டிசம்பரில் இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வழிந்ததில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை அங்கே யாரும் மறக்கவில்லை.

கரைமேல் நின்று நம்மவர் பைனாகுலரைச் சுழற்றினார். பட்ட மரங்கள் ஒன்றல்ல, ஒரு தோப்பே நின்றது. ஒவ்வொன்றிலும் நீர்க்காகம் சிறகு காய வைத்துக்கொண்டிருந்தது. கரும்பருந்து ஒன்று. செம்பருந்து ஒன்று. மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போயின. உண்ணிக்கொக்குகள் மாட்டுக்குப் பின்னால் உத்தியோகம் பார்த்தன. மணி 12.43.

"சார், அது இல்ல. பக்கத்து மரம்," என்றார் ஒடிசாக்காரர், பைனாகுலர் இல்லாமல். "வெள்ளை வயிறு. எங்க ஊர்ல வரும். மீன் மட்டும்தான் சாப்பிடும்."

எந்த ஊர் என்று நம்மவர் கேட்டது அதற்குப் பிறகுதான். சிலிகா ஏரிக்கரை. பக்கத்தில் மங்கலாஜோடி, ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர், இப்போது அதே வேட்டைக்காரர்கள் காவல் காத்துச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் அழைத்துப் போகும் ஊர். பிறந்ததிலிருந்து லட்சக்கணக்கில் வாத்து பார்த்து வளர்ந்த மனிதர், இத்தனை நாளும் பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு, நம்மவர் சொன்ன பறவைக் கதைகளுக்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இருந்தது. பழுப்பு முதுகு, வெள்ளைத் தலை, கண்ணிலிருந்து கழுத்துவரை மை பூசியது போன்ற ஒரு கறுப்புப் பட்டை. நம்மவர் டிபன் பாக்ஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். பறவை எழும்பியது. முதுகைக் காட்டப்போகிறது என்று அவர் நினைத்த நேரத்தில், ஏரி நடுவே காற்றில் நின்றது. சிறகை அடித்தபடி ஒரே இடத்தில் நின்று கீழே பார்த்தது. பிறகு இரண்டு காலையும் முகத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டு விழுந்தது. தண்ணீர் சிதறியது. நொடி நேரம் ஏரியில் பறவையே இல்லை. வெளியே வந்தபோது நனைந்த நாய் உதறுவதுபோல் நடுவானில் உடம்பை உதறியது. காலில் மீன் துடித்தது.

அந்தக் காலில்தான் சூட்சுமம். நாலு விரலில் வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று பிடி இறுகும். பாதத்தின் அடியில் சொரசொரப்பான முள் முள்ளான செதில், வழுக்கும் மீன் நழுவாமல் இருக்க. தூக்கிக்கொண்டு பறக்கும்போது மீனின் தலையை முன்னால் வைத்துக்கொள்ளும், காற்று தடுக்காது. இந்த ஃபிக்ஸ்சரை யார் டிசைன் செய்தார்களோ என்று நம்மவர் வாய்விட்டுக் கேட்டார். ஒடிசாக்காரர் அதற்குள் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாதத்தில் பாதி போயிருந்தது.

மணி 12.58. பஞ்ச் அடித்தபோது 1.04.

"என்ன சார், இன்னிக்கு மீன் குழம்பா?" என்றார் லைன் லீடர்.

"விரால்," என்றார் நம்மவர். பொய் சொன்னதாக ஆகாது.

பட்டியலில் ஏற்றியதற்கு இந்தமுறை யாரும் கேள்வி கேட்கவில்லை. தளம் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்விதான்: பார்த்து அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்று தட்டினார். முதலில் கண்டவர் யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. அந்தக் குறையை அவரே ஈடுகட்டினார். குறிப்பு எழுதும் இடத்தில், உடன் வந்தவர் முதலில் பார்த்தார், வெறுங்கண்ணால், என்று போட்டார்.

பட்டியல் வளர இன்னொரு வழியும் இருக்கிறது, கால் நோகாமல். விஞ்ஞானிகள் ஒரே இனமாக இருந்ததைத் திடீரென்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். உண்ணிக்கொக்குக்கு அப்படி ஆயிற்று. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்காவில் மேய்வது மேற்கத்திய உண்ணிக்கொக்கு; நம் மாட்டுக்குப் பின்னால் நடப்பது கிழக்கத்திய உண்ணிக்கொக்கு. இங்கேயே இருப்பவருக்குப் பெயர்தான் மாறியது. ஆனால் டிசைன் பிரிவிலிருந்து ட்ரெயினிங்குக்காக மெக்சிகோ போய் வந்த இளைஞர் ஒருவர் அங்கே ஒரு வயலில் அதைப் பார்த்துப் பட்டியலில் போட்டு வைத்திருந்தார். பிரித்த அன்று கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு எண் கூடிவிட்டது. நம்மவர் அன்று அவரோடு பேசவில்லை.

பொங்கலை ஒட்டி நான்கு நாள், 2015லிருந்து, தமிழ்நாடெங்கும் ஆர்வலர்கள் பறவை எண்ணுகிறார்கள். யூனிட்டுக்கும் அப்போதுதான் விடுமுறை. நாள் முழுக்க ஏரிக்கரையில் நிற்கலாம், மணி அடிக்காது. ஆனால் பொங்கலுக்கு மணிமங்கலத்தில் நிற்கிறேன் என்று சொந்த ஊரில் அம்மாவிடம் சொல்லும் துணிச்சல் நம்மவருக்கு இல்லை. ஆகவே தொழிற்பேட்டை காலியாகி, சாலை வெறிச்சோடி, ஏரி நிம்மதியாக இருக்கும் அந்த நான்கு நாளும் அவர் தெற்கே வீட்டுக் கொல்லையில் நின்று காகம் எண்ணிக்கொண்டிருப்பார். வருடா வருடம் அந்தப் பட்டியலில் முதலிடம் காகத்துக்குத்தான்.

விடுமுறை முடிந்து வந்தபோது எதிர் மனையில் காம்பவுண்டு சுவர் எழும்பத் தொடங்கியிருந்தது. நெட்டைக்காலியின் தேசம் இனி எந்தக் கல்லுக்கு இடதுபக்கம் என்று தெரியவில்லை. கூடவே நோட்டீஸ் போர்டில் இன்னொரு சேதி: அடுத்த வாரம் முதல் நம்மவருக்கு நைட் ஷிஃப்ட்.

பருந்துக்குப் பகல் போனால், ராத்திரிக்கு வேறு ஆட்கள் உண்டு. பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும் பக்கி, இருட்டியதும் சூடு ஆறாத சாலையில் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். வண்டி வெளிச்சம் பட்டால் கண் கனல் துண்டாக மின்னும். அதுவும் நம்மவர் பட்டியலில் இல்லை. முதல் நாள் வேனில் ஏறியதும் டிரைவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணே, ரோட்ல பறவை ஏதாவது உக்காந்திருந்தா கொஞ்சம் ஸ்லோ பண்ணுவீங்களா?"

"எது, செவப்பா கண்ணு மின்னுமே, கிட்ட போனா குபீர்னு எழும்புமே, அதுவா?"

"அதேதான்!"

"அத தெனம் பாக்குறேம்பா. நேத்துகூட ரெண்டு." டிரைவர் கியரைப் போட்டார். "எத்தினி வேணும்னு சொல்லு, எழுதிக்க."

அடுத்தவர் பார்த்தது செல்லாது என்ற விதியை விளக்க அது நேரமல்ல. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கேன்டீன் பையனிடம் பேரம் பேசி, தம் வீட்டு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, ஷிஃப்ட் முடியும் வாரம்வரை அந்த இடத்தை வாங்கிக்கொண்டார் நம்மவர்.